பாறைமேல் அமர்ந்து ஒரு கண்டத்தை எண்ணியவர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிட்டடினி என்றொரு மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. உயரமான மலை என்று சொல்ல முடியாது. அதன் முகட்டில் இருக்கும் வடக்குப் பார்வைமுனை கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டரைக்கூட எட்டவில்லை. வெளிறிய மணற்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் அந்த இடத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை, அநேகமாக எல்லா நாளும் சிலர் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். தெற்கே போகிற பருந்து, கழுகு, வல்லூறு என்ற இரைக்கொல்லிப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, மணிக்கொரு தடவை தாளில் குறிக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து பைனாகுலரும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக ஏறிவரும் தன்னார்வலர்கள்.

இடத்தின் பெயர் ஹாக் மவுண்டன். 1934-ல் தொடங்கிய கணக்கெடுப்பு, இரண்டாம் உலகப்போரின்போது 1943 முதல் 1945 வரை மட்டும் நின்றது. மற்றபடி இன்றுவரை நடக்கிறது. வலசை போகும் இரைக்கொல்லிப் பறவைகளைப் பற்றி உலகில் இதைவிட நீண்ட பதிவு கிடையாது. இந்தத் தாள்களை நிரப்பியவர்களுக்கு அவை பின்னாளில் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போகின்றன என்று தெரியாது. அந்தக் கேள்வியே அப்போது பிறந்திருக்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதுதான்.

முதலில், ஏன் அந்த மலை? காற்றுதான் காரணம். கோடை முடிந்ததும் கனடாப் பக்கமிருந்து குளிர்க்காற்று அலையலையாகத் தெற்கே இறங்கும். ஓர் அலை கடந்து போனதும் வானம் தெளிந்து, காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும். கிட்டடினி தென்மேற்காக நீண்டிருப்பதால் அந்தக் காற்று மலையின் விலாவில் நேராக வந்து மோதுகிறது. மோதிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி முகட்டை ஒட்டி, மலை போகும் தூரமெல்லாம், மேல்நோக்கி ஏறும் காற்று கிடைக்கிறது. பருந்து சிறகை விரித்து அதன்மேல் சாய்ந்துகொண்டால் போதும். ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் மலையோரமாகவே பல மைல் தெற்கே போய்விடலாம். குளிர்க்காற்று கடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்வைமுனையில் கூட்டம் கூடுவது இதனால்தான். உள்ளூர்க்காரர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் விடுப்பு எடுக்கிறார்கள்.

எல்லாப் பறவைகளும் முகட்டுக் காற்றை நம்பியிருப்பதில்லை. அகன்றசிறகுப் பருந்துக்கு வேறு வழி உண்டு. ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ள சிறிய பருந்து அது. கிழக்கு அமெரிக்கா, கனடாவின் காடுகளில் கூடுகட்டி, தவளை, பாம்பு, பூச்சி, சிறு எலிகளைத் தின்று வளர்கிறது. குளிர் வந்தால் இந்த இரையில் பெரும்பகுதி கிடைக்காமல் போய்விடும். அதனால் காட்டில் இலைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, செப்டம்பர் நடுவில், இந்தப் பருந்துகள் ஏறக்குறைய மொத்தமாகக் கிளம்பிவிடுகின்றன. போய்ச் சேருவது மத்திய அமெரிக்காவும், தென்னமெரிக்காவில் பிரேசில், பொலிவியா வரையிலான காடுகளும். பயணம் பல ஆயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் சிறகடித்தே கடக்க வேண்டுமென்றால் அந்தச் சின்ன உடம்பில் சேமித்த கொழுப்பு போதாது.

அதற்கு அது கண்ட வழி வெப்பக்காற்று. வெயில் எல்லா நிலத்தையும் ஒரே மாதிரி சூடாக்குவதில்லை. உழுத வயலும் பாறைச் சரிவும் சீக்கிரம் சூடேறும், காடும் ஏரியும் மெதுவாக. சூடேறிய நிலத்துக்கு மேலிருக்கும் காற்று இலேசாகி, பெரிய குமிழாக மேலே எழும். பருந்து அந்தக் குமிழுக்குள் புகுந்து வட்டமடிக்கிறது. வட்டத்தைவிட்டு வெளியே போகாதவரை, சிறகை அசைக்காமலே நூற்றுக்கணக்கான மீட்டர் உயர்ந்துவிடும். உச்சியில் காற்றின் வேகம் தளர்ந்ததும் சிறகைச் சற்றே ஒடுக்கிக்கொண்டு தெற்கே சறுக்குகிறது. போகப்போக உயரம் குறையும். தரைக்கு நெருங்குவதற்குள் அடுத்த குமிழைப் பிடித்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னால் போன பருந்து எங்கே வட்டமடிக்கிறதோ அங்கே காற்று ஏறுகிறது. மற்ற நேரங்களில் தனித்துத் திரியும் இந்தப் பறவை, வலசையில் மட்டும் நூறு, ஆயிரம் என்று கூட்டம் சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடல்மேல் இந்தக் குமிழ்கள் இப்படி வலுவாக எழுவதில்லை. ஆகவே மெக்சிகோ வளைகுடாவை அவை குறுக்கே கடக்காமல் கரையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் மலைக்கும் கடலுக்கும் நடுவே சமவெளி ஒடுங்கிப்போகிறது. வடஅமெரிக்கா முழுக்கப் பரந்திருந்த பறவைகள் அந்த இடுக்கின் வழியே பிழிந்து வரும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே முறையாக எண்ணத் தொடங்கிய பிறகுதான் உலகத்துக்கு அதன் அளவு புரிந்தது. ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இரைக்கொல்லிப் பறவைகள்! ஹாக் மவுண்டனில் ஒரு பருவத்தின் சராசரி ஏறத்தாழ 18,000தான். ஆனால் தொண்ணூறு ஆண்டுத் தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தொடர்ச்சி ஒரு கொலைக்களத்திலிருந்து தொடங்கியது. கோழியைத் தூக்குகிறது, முயலைத் தின்கிறது என்று பருந்துகளைக் கண்ட இடத்தில் சுடுவது அக்காலத்தில் ஊருக்குச் செய்யும் நல்ல காரியமாக எண்ணப்பட்டது. 1929-ல் பென்சில்வேனியா அரசின் வேட்டை ஆணையம், கோஸ்ஹாக் எனப்படும் பெரிய வைரி ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்தது. பெருமந்தம் தொடங்கிய ஆண்டில் 5 டாலர் சிறிய தொகை இல்லை. பறக்கிற பருந்தில் எது கோஸ்ஹாக், எது வேறு என்று பார்த்துச் சுட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இலையுதிர்காலத்து வார இறுதிகளில் துப்பாக்கிக்காரர்கள் இந்த முகட்டில் வரிசையாக உட்கார்ந்து, கண்மட்டத்தில் கடந்துபோகும் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். விழுந்தவற்றை எடுத்துப்போகக்கூட ஆளில்லை. சிறகொடிந்தவை பாறையிடுக்குகளில் கிடந்து செத்தன.

1932-ல் ரிச்சர்ட் போ என்ற இளைஞர் அங்கே போனார். கீழே காட்டில் கிடந்த உடல்களைப் பொறுக்கி, தரையில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்தார். அந்தப் படங்கள் நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணியின் பார்வைக்கு வந்தன. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிப் பழகியவர் அவர். பறவைகளைக் காக்க வேண்டிய அமைப்புகள் சும்மா இருக்கின்றன என்று அவற்றோடும் மோதிக்கொண்டிருந்தார். 1934-ல் அந்த முகட்டைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு, மனுக் கொடுத்துக் காத்திருக்காமல் நிலத்தையே கையில் எடுத்துக்கொண்ட அந்தத் துணிச்சல்தான் இன்றைக்கும் அந்த மலையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். பின்னர் விலைக்கே வாங்கி, 1938-ல் அதற்கென்று அமைந்த சங்கத்திடம் ஒப்படைத்தார். இரைக்கொல்லிப் பறவைகளுக்கென்றே ஏற்பட்ட உலகின் முதல் சரணாலயம் அது.

காவலுக்கு வந்தவர்கள் மாரிஸ் புரூன், அவருடைய மனைவி இர்மா. சாலையோரத்தில் நின்று துப்பாக்கியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது இர்மாவின் பொறுப்பு. மேலே பாறையில் புரூன். காவல்காரருக்குக் காவல்தான் வேலை. எண்ண வேண்டிய தேவை எதுவும் அந்த மலையில் இருக்கவில்லை. ஆனால் பறவைகளை நேசிக்கிற மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். என்ன இனம், எத்தனை, எந்த நாள், காற்று எப்படி என்று எழுதிவைத்தார். அடுத்த நாளும் எழுதினார். அடுத்த ஆண்டும் எழுதினார். 1943-ல் கடற்படைக்குப் போகும்வரை எழுதி, திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கினார்.

எண்ணுவது எளிது என்று நினைத்துவிட வேண்டாம். செப்டம்பர் நடுவில் ஒரு காலைப்பொழுதைப் பாருங்கள். பார்வைமுனையிலிருந்து வடகிழக்கே முகடு அலையலையாகப் போகிறது. அதன் மேடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மேட்டுக்கு மேல் ஏதோ புள்ளி தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு சொல்லில் எல்லோருடைய பைனாகுலரும் ஒரே இடத்துக்குத் திரும்பிவிடும். வெறும் நீலவானம் இவர்களுக்குப் பிடிக்காது. நீலத்தில் பறவை கரைந்துபோகும். வெண்மேகம் இருந்தால்தான் புள்ளி பளிச்சென்று நிற்கும்.

புள்ளி நெருங்கி வருகிறது. ஒன்று என்று நினைத்தது இருநூறாக இருக்கிறது. காற்றுக்குமிழுக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழல்கின்றன. கீழே இருப்பது மேலே போகிறது, உள்ளே இருப்பது வெளியே வருகிறது. இப்போது எண்ணத் தொடங்கினால் ஒரே பறவையை மூன்று தடவை எண்ணிவிடுவோம். அனுபவப்பட்டவர் பேசாமல் காத்திருப்பார். ரயில் நிலையத்துக் கூட்டத்தை நடைமேடையில் நின்று எண்ண முடியாது, வெளிவாயிலில் நின்றால் எண்ணலாம்; இதுவும் அப்படித்தான். சுழலின் உச்சியிலிருந்து பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே சறுக்கத் தொடங்கும்போது கையிலிருக்கும் சிறு கருவியின் பொத்தானை அழுத்தி எண்ணுவார். கூட்டம் அடர்த்தியாக இருந்தால் பத்துப் பத்தாக. இன்னொருவர் வேறு திசை வானத்தைப் பார்த்துக்கொள்வார். தெற்கே கடந்துபோனவை மட்டும் கணக்கு. வடக்கே திரும்பிப் போனவையும் மலையிலேயே சுற்றிக்கொண்டிருப்பவையும் கணக்கில் வராது. 1978 செப்டம்பர் 14 அன்று இப்படி எண்ணியதில், அகன்றசிறகுப் பருந்து மட்டும் 21,448. ஒரு பருவத்தின் சராசரி முழுவதையும் அந்த ஒரே நாள் விஞ்சிவிட்டது.

அக்டோபரில் வேறு திறமை வேண்டும். அப்போது வருவது கூர்ந்தகால் வைரி. நம் ஊர்த் தோப்புகளில் ஓணானையும் சிட்டுக்குருவியையும் அடிக்கும் வைரிக்கு நெருங்கிய உறவு. ஆண் ஏறத்தாழ 100 கிராம், பெண் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இதற்குக் கூப்பர் வைரி என்று அச்சு அசலாக ஓர் இரட்டை உண்டு. வால்நுனி உருண்டையா சதுரமா, தலை சிறகின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று புத்தகம் சொல்லும். அதைப் பார்ப்பதற்குள் பறவை போய்விடும். தொலைவில் வரும்போதே சிறகடிக்கும் தாளத்தை வைத்துச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். வேகமாகச் சில அடி, சிறு சறுக்கல், மறுபடி சில அடி. பார்வைமுனையில் ஒரு கம்பத்தின் நுனியில் பெரிய ஆந்தையின் பொம்மை ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். ஆந்தை என்றால் வைரிக்கு ஆகாது. நேராகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று திரும்பி, சிறகை ஒடுக்கி, பொம்மையின் தலையை உரசுவதுபோல் பாய்ந்துவிட்டுப் போகும். அந்த ஒரு நொடியில் அதன் முதுகு நிறமும் மார்புக் கோடுகளும் தெரிந்துவிடும். முதிர்ந்ததா இளையதா என்று எழுத அது போதும்.

அப்படியும் தெரியாதவை உண்டு. அவற்றுக்குத் தாளில் தனி இடம் இருக்கிறது: இனம் தெரியாத பருந்து, இனம் தெரியாத வல்லூறு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது இந்த வேலையின் முதல் ஒழுக்கம். இன்னொரு ஒழுக்கம், பூச்சியத்தை எழுதுவது. வானம் தெளிவாக இருந்து, கண் இமைக்காமல் பார்த்து, ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட வரவில்லையென்றால் பூச்சியம். மூடுபனி மறைத்து எதுவுமே பார்க்க முடியாமல் போனால் அது பூச்சியமாகாது, அந்த மணி நேரம் பார்க்கப்படவே இல்லை. இரண்டையும் குழப்பினால் முப்பது ஆண்டு கழித்து அந்தத் தாளைப் படிக்கிறவர் ஏமாந்துபோவார். அதனால்தான் ஒவ்வொரு மணிக்கும் காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகம், எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன. ஆட்கள் கூடினால் கண்கள் கூடும், எண்ணிக்கையும் கூடும். பறவை கூடியதா, ஆள் கூடியதா என்று பிரித்துப் பார்க்க அந்தக் குறிப்பு வேண்டும். 1974-ல் வடஅமெரிக்கப் பருந்து வலசை சங்கம் உருவான பிறகு, ஏராளமான இடங்களில் இதே முறையில் எண்ணுகிறார்கள்.

இனி, புரூன் எழுதிவைத்த பதிவு என்ன செய்தது என்பதற்கு வருவோம். வெண்தலைக் கழுகை அமெரிக்க அரசின் முத்திரையில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் அதற்குப் பிறவியிலேயே வருவதில்லை. கூட்டைவிட்டுப் பறக்கும்போது உடல் முழுக்க அடர்பழுப்பு. தலை வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். இதனால் ஒரு பெரிய வசதி. பாறையில் உட்கார்ந்திருப்பவர் அரை மைலுக்கு அப்பாலேயே அது குஞ்சு தலைமுறையா, பெற்றோர் தலைமுறையா என்று சொல்லிவிடலாம். புரூன் கழுகுகளை எண்ணும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதினார்.

1939 வாக்கில், தெற்கே புளோரிடாவில் இன்னொருவர் தம் பாட்டுக்கு ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். சார்லஸ் புரோலி, கனடாவின் வின்னிபெக் நகரத்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். அறுபது வயதைத் தொட்ட மனிதர், உயரமான மரங்களில் ஏறி, வெண்தலைக் கழுகின் கூடுகளிலிருக்கும் குஞ்சுகளுக்குக் காலில் வளையம் மாட்டினார். பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள். 1947 முதல் கூடுகளில் முட்டை பொரியாமல் போகத் தொடங்கியது. சில கூடுகளில் முட்டையே இல்லை. 1958-ல் கடற்கரையோரமாக நூறு மைலுக்கு மேல் அலைந்து, வளையம் மாட்ட அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு குஞ்சு.

எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1945 இலையுதிர்காலத்தில் ஹாக் மவுண்டனுக்கு வந்து அந்தப் பாறையில் உட்கார்ந்து போனவர். பூச்சிமருந்துகளைப் பற்றிய தம் புத்தகத்துக்குச் சான்று தேடியபோது புரூனின் பதிவுகள் அவருக்குக் கைகொடுத்தன. 1935 முதல் 1939 வரை மலையைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளையவை. 1955 முதல் 1959 வரை 20 விழுக்காடுதான். 1957-ல் முதிர்ந்த கழுகு 32-க்கு இளையது ஒன்று. 1962-ல் வெளியான ‘மௌன வசந்தம்’ நூலில் புரோலியின் கூடுகளும் புரூனின் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வந்திருக்காது. கழுகு நீண்ட ஆயுள் கொண்ட பறவை. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. குஞ்சு பொரிப்பது முழுதாக நின்றுபோனாலும், வெள்ளைத்தலை முதியவை பல ஆண்டுகள் வானத்தில் கம்பீரமாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். பிறகு ஒரு நாள் எல்லாம் ஒன்றாக இல்லாமல் போகும். முதியது, இளையது என்று இரண்டாகப் பிரித்து எழுதிய ஒரு பழக்கம்தான், வரவிருந்த அழிவைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிக்கொடுத்தது. 1935-ல் அதை எழுதியபோது, இந்த அழிவுக்குக் காரணமான டிடிடி பூச்சிமருந்தாகப் புழக்கத்துக்கே வரவில்லை. மருந்து வருவதற்கு முந்தைய நிலை என்னவென்று பின்னால் யாராலும் போய் அளந்து வர முடியாது. அன்றைக்கே எழுதியிருந்தால்தான் உண்டு.

காரணத்தைப் பாறையில் இருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளையவை குறைகின்றன என்பதோடு எண்ணிக்கை நின்றுவிடும். 1967-ல் பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப், பழைய முட்டைச் சேகரிப்புகளிலிருந்த பொரி வல்லூறின் முட்டை ஓடுகளை எடைபோட்டும் அளந்தும் பார்த்து, 1947-ஐ ஒட்டி ஓடுகள் திடீரென்று மெலிந்ததைக் காட்டினார். டிடிடி உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள், ஓடு உருவாகும் சுரப்பிக்குக் கால்சியம் போவதைக் கெடுக்கிறது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கிவிடும். மீனுக்குள் சேர்ந்த நஞ்சு, மீன் தின்னும் கழுகுக்குள் இன்னும் செறிவாகச் சேரும் என்பதால் கழுகு அதிகம் அடிபட்டது. 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது. அதே ஆண்டில், மெக்சிகோவோடு செய்த ஒப்பந்தத்தைத் திருத்தியதன் வழியாக, பருந்துகளும் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தன. 1963-ல் அலாஸ்கா நீங்கலான பகுதியில் ஐந்நூறுக்கும் குறைவான இணைகளே கூடுகட்டிய வெண்தலைக் கழுகு, 2007-ல் அழிவுக்கு ஆளாகும் இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. 2021-ல் வெளியான கணக்கில் அதே பகுதியில் 71,000-க்கும் மேற்பட்ட இணைகள். ஹாக் மவுண்டனில் 1970-களில் ஒரு பருவத்துக்குச் சில பத்துகள் கடந்தன. இப்போது சில நூறு.

இந்த வெற்றிக் கதையைக் கேட்டுவிட்டு, எண்ணிக்கை குறைந்தாலே பறவை குறைகிறது என்று முடிவுகட்டக் கூடாது. 1980-களில் அட்லான்டிக் கரையோரப் பார்வைமுனைகளில் கூர்ந்தகால் வைரி வெகுவாகக் குறைந்தது. மறுபடி நஞ்சா என்ற கவலை எழுந்தது. ஆனால் வடக்கே நடக்கும் இன்னொரு தன்னார்வக் கணக்கெடுப்பில் அதே வைரி கூடிக்கொண்டிருந்தது. 1900-ல் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு அது. வடக்கத்திய வீடுகளில் குளிர்காலம் முழுக்கச் சிறுபறவைகளுக்குத் தானியம் வைக்கிறார்கள். குருவிகள் அங்கே கூடுகின்றன. குருவி இருக்கும் இடத்தில் வைரிக்குச் சாப்பாடு இருக்கிறது. அப்புறம் ஏன் தெற்கே போக வேண்டும்? வலசையைப் பாதியில் நிறுத்திக்கொண்டவை பல என்பது ஒரு விளக்கம். செவ்வால் பருந்திலும் இதே போக்கு தெரிகிறது. குளிர்காலம் கடுமை குறைந்துவருவதால் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு கணக்கெடுப்பின் சந்தேகத்தை இன்னொரு கணக்கெடுப்புதான் தீர்க்கிறது. இரண்டுமே ஊர்மக்கள் எடுத்தவை.

எல்லாவற்றுக்கும் இப்படி விளக்கம் கிடைத்துவிடவில்லை. அமெரிக்கக் கெஸ்ட்ரல் நம் மைனா அளவே உள்ள குட்டி வல்லூறு. செங்கல் நிற முதுகு, ஆணுக்கு நீலச் சிறகு. வயல்வெளிகளில் காற்றிலேயே நின்று வெட்டுக்கிளியைக் குறிபார்க்கும். கிழக்கு அமெரிக்காவின் பார்வைமுனைகளில் இதன் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாக இறங்குமுகம். குளிர்கால எண்ணிக்கையும் அதை ஆறுதலாக மறுக்கவில்லை. பொந்துகளில் முட்டையிடும் பறவை இது. பொந்துள்ள மரங்களை வெட்டிவிட்டதால் குறைகிறதோ என்று ஹாக் மவுண்டனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் 1950-களிலிருந்தே மரப்பெட்டிகள் பொருத்திவருகிறார்கள். தன்னார்வலர்கள் ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணுகிறார்கள். பெட்டியில் குடியேறியவை பொதுவாக நன்றாகவே குஞ்சு பொரிக்கின்றன. குடியேற வரும் இணைகள்தான் குறைந்துகொண்டே போகின்றன. அப்படியானால் கோளாறு கூட்டில் இல்லை. பறந்துபோன பிறகு, குளிர்காலத்திலோ வழியிலோ, ஏதோ நடக்கிறது. கூப்பர் வைரி பெருகி இதை அடிக்கிறதா, பூச்சி குறைந்துவிட்டதா, புதிய பூச்சிமருந்தா, புல்வெளிகள் கட்டடங்களாகிவிட்டனவா என்று ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறு கருவிகளைப் பொருத்திக் கெஸ்ட்ரல்களின் குளிர்கால இருப்பிடங்களையும் தேடுகிறார்கள். விடை தாளின் எந்தக் கட்டத்திலிருந்து வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாக் கட்டத்தையும் நிரப்புகிறார்கள்: ஆணா, பெண்ணா, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.